காலா பிறந்த ஊரும் பிடிபட்ட இடமும்

போன வாரம் என் பழைய ஆய்வகத்தில் இப்போது வேலை பார்க்கும் நீங்கள் நாலு பேரும் என் வீட்டுக்கு வந்தபோது ஒரு டப்பா மைசூர்பாகும் ஒரு சந்தேகமும் கொண்டுவந்தீர்கள். மைசூர்பாகு அன்றைக்கே தீர்ந்துவிட்டது. சந்தேகம் மட்டும் இன்னும் மேசைமேல் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

துறைமுகத்தில் இறங்கும் சால்மன் இப்போது உங்கள் மேசைக்கு வருகிறது. நார்வேயில் வளர்ந்ததா, சிலியில் வளர்ந்ததா, ஆற்றில் பிறந்து கடலுக்குப் போனதா, பண்ணைக் கூண்டிலேயே காலம் தள்ளியதா என்று பிரித்துச் சொல்கிறீர்கள். கணினி ஒரு ஊரின் பெயரைச் சொல்கிறது. அதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடலாமா என்று கேட்டீர்கள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "எழுதித் தருகிறேன்" என்றேன். ஓய்வு பெற்றவன் தொண்டையைச் செருமினால் அவனுக்குப் பதில் தெரியவில்லை என்று அர்த்தம். இந்த ரகசியத்தை இனாமாகவே தருகிறேன்.

எனக்கு சால்மன் தெரியாது. எனக்குத் தெரிந்தது காலா மீன். பெரிய ஓட்டல்களின் மெனுவில் அதற்கு 'இந்தியன் சால்மன்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இரண்டுக்கும் சொந்தமும் இல்லை, சம்பந்தமும் இல்லை. காலாவைக் கேட்டிருந்தால் கோபித்துக்கொண்டிருக்கும். ஆனால் நீங்கள் இன்று சால்மனிடம் கேட்கும் கேள்வியைத்தான் நான் முப்பது வருஷத்துக்கு மேலாகக் காலாவிடம் கேட்டேன்: நீ எந்த ஊர்?

காலா அதற்குக் காதால் பதில் சொல்லும். மீனின் தலைக்குள்ளே, காது இருக்கவேண்டிய இடத்தில், அரிசியை விடக் கொஞ்சம் பெரிய வெள்ளைக் கல் ஒன்று இரண்டு பக்கமும் இருக்கிறது. மீன் வளர வளர அந்தக் கல்லும் வெங்காயம் மாதிரி அடுக்கடுக்காக வளரும். எந்தத் தண்ணீரில் இருந்ததோ அந்தத் தண்ணீரின் உப்பு அந்தந்த அடுக்கில் தங்கிவிடும். நடுப்பகுதி மீனின் குழந்தைப் பருவம். ஓரம் அதன் கடைசி வாரங்கள். உங்களுக்குத் தெரிந்த விஷயம்தான். உங்கள் வீட்டார் இதைப் படித்தாலும் புரியட்டும் என்றுதான் எழுதுகிறேன். என் மனைவிக்கு இது புரியவே இருபது வருஷம் ஆயிற்று. அதுவரை நான் மீன் மார்க்கெட்டில் ஏதோ கணக்குப்பிள்ளை வேலை பார்ப்பதாகவே அவள் நினைத்திருந்தாள்.

காசிமேட்டில் எனக்குக் 'காது டாக்டர்' என்று பெயர். மீன் தலைகளைக் கேட்டு வாங்கி, காதைத் தோண்டிப் பார்க்கிறவனுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவர் ஒருநாள் என்னை நிறுத்தி, "சார், எம் மாமியாருக்கு ஒரு பக்கம் காது கேக்கல, இன்னா மருந்து போடலாம்?" என்று உண்மையாகவே கேட்டார். எனக்கு மீன் காதுதான் தெரியும் என்றேன். "பரவால்ல சார், அதுவும் மீனு மாரிதான், வாய தொறந்துகினே இருக்கும்" என்றார். மருந்து சொல்லவில்லை. மாமியாரே உயிரோடு இல்லாத என்னால் அவருக்கு அனுதாபம் மட்டும்தான் தர முடிந்தது.

சரி, உங்கள் சந்தேகத்துக்கு வருகிறேன்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னால், ஒரு பெருமழையில் எண்ணூர் ஆற்றில் ஆலைக் கழிவெண்ணெய் படர்ந்தது. முகத்துவாரம் வரைக்கும் தண்ணீர் கருப்பாய்ப் பளபளத்தது. சடையங்குப்பத்தில் வீட்டுச் சுவர்களில் இடுப்பளவுக்கு எண்ணெய்க் கோடு. மீன் வியாபாரம் படுத்துவிட்டது. ஆற்று மீனை விற்கக் கூடாது, கடல் மீனை விற்கலாம் என்று உத்தரவு வந்தது. ஆறு எங்கே முடிகிறது, கடல் எங்கே தொடங்குகிறது என்று மீனுக்கு யாரும் எழுதிப் போடவில்லை.

அந்த வாரம் காசிமேட்டில் ஒரு பைபர் படகு (காசிமேட்டில் 'போட்டு' என்பார்கள்) பன்னிரண்டு பெட்டி காலாவை இறக்கியது. எண்ணூர்க் குப்பத்துப் போட்டு. ஓட்டியவர் செல்வி என்ற மீன்காரப் பெண்ணின் அண்ணன். ஏலத்தில் விற்பது, ஐஸ் வாங்குவது, ஏஜெண்டுகளோடு மல்லுக்கு நிற்பது எல்லாம் செல்வி. சொந்த ஆறு மூடியதால் அண்ணன் வடக்கே, ஆந்திரப் பக்கம் வரை போய்ப் பிடித்து வந்ததாக அவள் சொன்னாள். சோதனைக்கு வந்த அதிகாரி நம்பவில்லை. எண்ணூர்க்காரர்கள், எண்ணூர் போட்டு, அதிலும் ஆற்றுக்குள் வந்து போகும் காலா. பெட்டிகளைச் சீல் வைத்துவிட்டு, "இந்த மீன் எங்கே பிடிச்சதுன்னு பார்த்துச் சொல்லுங்க" என்று எங்கள் ஆய்வகத்துக்குச் சொல்லி அனுப்பினார். கறியில் எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனைக்கு வேறு ஊருக்கு அனுப்பவேண்டும். ஐஸில் படுத்திருக்கும் மீன் அதுவரை காத்திருக்காது.

நாங்கள் 'ஆற்று மீன்' என்று சொன்னால் அத்தனை பெட்டியையும் குழிவெட்டிப் புதைத்துவிடுவார்கள். அதுகூடப் பெரிதில்லை. எண்ணெய் மீனைக் கடல் மீன் என்று விற்ற போட்டு என்று ஒருமுறை பெயர் வந்துவிட்டால், அந்தப் போட்டு கொண்டுவரும் எதையும் ஏலத்தில் ஒருவரும் கேட்கமாட்டார்கள். ஜனங்களுக்கு விஷம் கொடுத்தவன் என்று அண்ணனைப் பார்ப்பார்கள். செல்வி பயந்தது அதற்குத்தான்.

பெட்டிக்கு இரண்டு மீன் வீதம் தலையை வாங்கினேன். எங்கள் ஆய்வகத் தலைவி, நாங்கள் மேடம் என்று கூப்பிடுவோம், ஒரு விஷயத்தில் கறார். எந்தத் தலை எந்தப் பெட்டி என்று நூலில் அட்டை கட்டித் தொங்கவிடவேண்டும். 'மீனுக்குத் தாலி கட்டுகிறோம்' என்று முணுமுணுத்துக்கொண்டே கட்டுவேன். என் கல்யாணத்தில் மூன்று முடிச்சு போடவே தடுமாறியவன் நான். அன்றைக்கு இருபத்து நாலு தாலி.

கற்களை எடுத்து, பிசினில் பதித்து, தேய்த்து, தென்சென்னையில் ஒரு நிறுவனத்தில் இருக்கும் லேசர் இயந்திரத்துக்கு எடுத்துப் போனேன். கல்லின் நடுவில் ஒரு புள்ளி சுட்டு, கிளம்பும் புகையில் என்னென்ன உப்பு என்று அது சொல்லும். எங்களிடம் எண்ணூர், பழவேற்காடு, காக்கிநாடா, குஜராத் என்று பல ஊர்க் காலாக்களின் கற்கள் இருந்தன. ஒப்பிட்டுப் பார்த்தேன். அத்தனையும் எண்ணூர். சந்தேகத்துக்கே இடமில்லை. அனல்மின் நிலையச் சாம்பலும் சுடுதண்ணீரும் கலந்த அந்த ஆற்றுக்கென்று ஒரு தனி ருசி உண்டு. எந்தக் கல்லில் அதைப் பார்த்தாலும் எனக்கு அடையாளம் தெரியும்.

அப்படி ஒரு தெளிவான விடை என் வாழ்க்கையில் வந்ததே இல்லை. மறுநாள் காலை, மேடம் வருவதற்கு முன்பே, அதிகாரிக்குப் போன் போட்டு, "எண்ணூர்தான் சார்" என்றேன். குரலில் கொஞ்சம் ராகம்கூட இருந்திருக்கும்.

"அப்ப சாயங்காலம் புதைச்சுடறோம். எழுதி அனுப்பிடுங்க" என்றார் அவர்.

டீ வந்தது. டீயோடு சேர்ந்து செல்வியும் வந்தாள். காவலாளி தடுத்ததால் வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாற்பது வயதிருக்கும். முந்தானையை இடுப்பில் சொருகியிருந்தாள். ரப்பர் செருப்பில் மீன் செதில் மின்னியது.

"யாரு இங்க காது டாக்டரு?"

நான்தான் என்று டம்ளரோடு போனேன்.

"இன்னா சார், எங்க மீனு உன்கிட்ட வந்து இன்னா சொல்லிச்சி? ரகசியமா காதுல சொல்லிச்சா?"

"அம்மா, கல்லுல பார்த்தாச்சு. எல்லாம் எண்ணூர்."

"அண்ணன் கடல்லயே கெடந்து, கஞ்சிகூட இல்லாம, காத்துல மாட்டிகினு பேஜாராயி வந்துகீறான். நீ ரூம்ல குந்திகினு எண்ணூர்ன்ற."

"அந்த மீனெல்லாம் எண்ணூர் ஆத்துல பொறந்ததும்மா. கல்லு பொய் சொல்லாது."

"நானும்தான் எண்ணூர்ல பொறந்தேன்! என்னையும் குயிக்குள்ள போட்டு மூடிடு!"

தெருவில் போன மூணு சக்கர மீன்பாடி வண்டி நின்றுவிட்டது. ஓட்டி வந்தவர் இறங்கவில்லை. ஆனால் கிளம்பவும் இல்லை. நான் என் கண்ணியத்தைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு வாய் டீ குடித்தேன். அது ஆறிப்போயிருந்தது.

அப்போதுதான் வந்து சேர்ந்த மேடம், கேட்டுக்கு அந்தப் பக்கமே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். செல்வியை உள்ளே உட்காரவைத்துத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். பிறகு என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"அதிகாரி நம்மகிட்ட என்ன கேட்டார்?"

"இந்த மீன் எங்கே பிடிச்சதுன்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எங்கே பொறந்ததுன்னு…"

வாக்கியத்தை நான் முடிக்கவில்லை. மேடமும் முடிக்கச் சொல்லவில்லை. அதுதான் அவரிடம் எனக்குப் பிடித்த குணம். திட்டினால் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பிக்கலாம். அவர் சும்மா பார்ப்பார்.

நம் தொழிலில் இந்தத் தவறு எப்படி வருகிறது என்று சொல்கிறேன். எந்தக் கூட்டத்து மீன் என்று தெரிய நாம் எப்போதும் கல்லின் நடுவைத்தான் சுடுவோம். பிறந்த ஊர் அங்கேதான் இருக்கிறது. வருஷக்கணக்கில் அதையே செய்து கை பழகிவிட்டது. ஆனால் எண்ணூர் ஆற்றில் பிறந்த காலா அங்கேயே இருக்கவேண்டும் என்று கட்டாயமில்லை. குட்டியாய் இருக்கும்போது ஆற்றில் விளையாடிவிட்டு, பெரிதானதும் கடலுக்குப் போய்விடும். ஆந்திரக் கரையில் மாட்டுகிற மீன்களிலும் எண்ணூர்ப் பிள்ளைகள் உண்டு; சில சமயம் ஒரே கூட்டமாகவே மாட்டும். கடைசி வாரங்களில் அது எங்கே இருந்தது என்று தெரிய, கல்லின் ஓரத்தைச் சுடவேண்டும். நான் ஓரத்தைத் தொடவே இல்லை.

உங்கள் சந்தேகத்துக்கு என் பதில் இதுதான். கணினி சொல்லும் ஊர் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். நீங்கள் அதனிடம் கேட்ட கேள்விக்கு அது பதில். உங்களிடம் பிறர் கேட்ட கேள்விக்கும் அதுவே பதிலா என்று அதற்குத் தெரியாது. அதைப் பார்க்கத்தான் உங்களுக்குச் சம்பளம்.

என் ஸ்கூட்டர் அன்றைக்குப் பாரிமுனையைத் தாண்டிய வேகத்தைப் பார்த்திருந்தால் போக்குவரத்துக் காவலர் என்னைப் புதைத்திருப்பார். கற்கள் ஏற்கனவே தேய்த்துத் தயாராக இருந்தன. இயந்திரத்தை இயக்கும் பெண்ணிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் சாப்பாட்டு டப்பாவை மூடிவைத்துவிட்டு, "வைங்க சார்" என்றாள். வடசென்னையில் பத்துப் பேர் கத்தினால் நடக்கும் காரியம் தென்சென்னையில் ஒரு பெண் டப்பாவை மூடினாலே நடந்துவிடுகிறது.

ஓரம் வேறு கதை சொன்னது. கடல். திறந்த கடலின் உப்பு, ஆற்றின் வாசனையே இல்லை. ஒவ்வொரு கல்லாக வந்தது: கடல், கடல், கடல். நான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். பிறகு ஒன்பதாவது பெட்டி வந்தது. அந்தப் பெட்டியின் இரண்டு மீனுக்கும் நடுவிலும் ஆறு, ஓரத்திலும் ஆறு.

இன்னொருமுறை சுடச் சொன்னேன். அதே பதில்.

உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன், எனக்கு அந்த இரண்டு கற்களையும் பிடிக்கவில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற செல்வியின் முகம் கண்முன்னே வந்தது. 'தெளிவாகத் தெரியவில்லை' என்று இரண்டு வார்த்தை எழுதினால் போதும். நம் தொழிலில் அதைவிட மரியாதையான பொய் கிடையாது. மேடத்துக்குப் போன் போட்டேன்.

"ஒன்பதாவது பெட்டி மட்டும் கொஞ்சம் குழப்பமா இருக்கு மேடம்."

"குழப்பம் கல்லுக்கா, உங்களுக்கா?"

"…எனக்குத்தான்."

"கல்லு தெளிவா சொல்லுதா?"

"சொல்லுது."

"அப்ப எழுதுங்க. பெட்டி பெட்டியா எழுதுங்க. மொத்தமா எழுதாதீங்க."

காசிமேட்டுக்குத் திரும்பினேன். சீல் வைத்த பெட்டிகளுக்குப் பக்கத்தில் செல்வி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். ஐஸ் உருகாமலிருக்கச் சாக்குப் போட்டு மூடி, அதன்மேல் தன் குடையையும் விரித்து வைத்திருந்தாள். வெயில் அவள் தலையில்தான் இருந்தது.

அதிகாரியிடம் போவதற்கு முன் அவளிடம் சொன்னேன். பதினொரு பெட்டி கடல் மீன். நான் காலையில் சொன்னது தப்பு. ஆனால் ஒரு பெட்டி ஆற்று மீன்.

சண்டைக்கு வருவாள் என்று ஒரு அடி பின்னால் நின்றேன். அவள் எந்தப் பெட்டி என்றுகூடக் கேட்கவில்லை.

"அது எங்க பெரியப்பாவுது சார்" என்றாள். "அந்தாளுக்கு ஆத்த வுட்டா இன்னா தெரியும்? போட்டுல ஏத்திகினு போனா வாந்தி எடுக்கும். முகத்துவாரத்தாண்ட எண்ணெ இல்லாத எடம்னு சொல்லி வலை போட்டுகீது. யாருமே வாங்கல. தலைல வச்சிகினு எங்க வூட்டு வாசல்ல வந்து நின்னுச்சி. 'இன்னா பண்றது செல்வி'ன்னு கேட்டுச்சி. நான் மோந்து பாத்தேன், ஒரு துண்டு வறுத்துத் துன்னும் பாத்தேன். வாசனயே இல்ல. சரி, அண்ணன் மீனோட சேத்துடலாம்னு…"

"காலைலயே சொல்லியிருக்கலாமே."

"சொன்னா அந்தாள புடிச்சிகினு போவீங்க." சாக்கின் ஓரத்தை இழுத்துவிட்டாள். "எனக்கு வாசன தெர்ல. ஆனா இல்லன்னு நான் எப்டி சொல்றது? புள்ளைங்க துண்ற பொருளு. அந்தப் பொட்டிய எடுத்துடு சார். மத்தத வுடு."

அதிகாரி லேசில் விடவில்லை. "காலைல எல்லாம் எண்ணூர்னீங்க. இப்ப பதினொண்ணு கடல், ஒண்ணு ஆறுன்றீங்க. சாயங்காலம் என்ன சொல்வீங்க?" என்றார். நியாயமான கேள்வி. நான் இரண்டு புள்ளிகளையும் வரைந்து காட்டினேன். காலையில் சொன்னது பிறந்த இடம், இப்போது சொல்வது பிடித்த இடம், நீங்கள் கேட்டது இரண்டாவது, அவசரத்தில் முதலாவதைச் சொன்னவன் நான் என்றேன். தலையோடு கட்டிய அட்டைகளை அவரே ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். ஒன்பதாவது பெட்டியை நாங்களே ஆறு என்று எழுதியிருந்ததுதான் அவரை நம்பவைத்தது என்று நினைக்கிறேன். எல்லாமே நல்லபடியாக இருந்திருந்தால் யாரோ எங்களுக்கு மீன் கொடுத்துவிட்டார்கள் என்று முடிவுகட்டியிருப்பார். பதினொரு பெட்டியின் சீலை உடைத்தார். யாருடைய பெட்டி என்று கேட்கவும் இல்லை, நாங்கள் சொல்லவும் இல்லை.

வேலை முடிந்தது என்று நான் கிளம்பினேன். செல்வி என் ஸ்கூட்டர் சாவியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"எங்க போற? போட்டு பேரு கெட்டுச்சே, அத்த யாரு சரி பண்றது? வா, வந்து சொல்லு."

மாலை ஏலத்துக்குக் கூட்டம் சேர்ந்திருந்தது. அவர்கள் காலாவைப் பார்த்தார்கள், செல்வியைப் பார்த்தார்கள், வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். ஏலம் விடுபவர் விலை கூவினார். ஒரு கையும் உயரவில்லை. நான் ஒரு ஐஸ் பெட்டிமேல் ஏறினேன். கருத்தரங்குகளில் வெளிநாட்டார் முன்னால் பேசியவன். அங்கே என் குரல் முன் வரிசைக்குக்கூட எட்டவில்லை.

"இந்த மீன்… வந்து… ஆந்திரக் கடல்ல பிடிச்சது…"

"காது டாக்டரே, சத்தமா சொல்லு! எங்களுக்குக் காது கேக்கல!" என்றான் கூட்டத்தில் ஒருவன். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில்தான் எனக்குக் குரல் வந்தது. இது கடல் மீன், சோதித்தவன் நான், காலையில் தப்பாகச் சொன்னவனும் நான், இந்தப் போட்டின்மேல் ஒரு குற்றமும் இல்லை என்று கத்தினேன்.

"நீ துண்ணுவியா?"

"துண்ணுவேன்!"

"அப்ப மொத மீன நீ எடு நைனா!"

எடுத்தேன். தலை இல்லாத மீன்தான் கிடைத்தது, தலையை வாங்கியவனே நான்தானே. வண்ணாரப்பேட்டையில் கடை வைத்திருக்கும் பாய் ஒருவர் என்னையும் மீனையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு இரண்டாவதாகக் கையைத் தூக்கினார். அதற்குப் பிறகு கைகள் நிற்கவில்லை. செல்வி சாவியை என் சட்டைப் பையில் போட்டாள். "மஞ்சா தூள் நெறைய போடச் சொல்லு" என்றாள்.

துறைமுகத்தின் வடக்கு மூலையில் குழி வெட்டியிருந்தார்கள். சோதித்தவர் ஒருவர் உடனிருக்கவேண்டும் என்பதால் ஒன்பதாவது பெட்டியோடு நானும் போனேன். அங்கே ஜேசிபிக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். யாரும் அவரை வரச் சொல்லவில்லை. செல்வியின் பெரியப்பா என்று பார்த்ததுமே தெரிந்தது. அதே தாடை. பெட்டியைக் கவிழ்த்தார்கள். காலாக்கள் வெள்ளி மாதிரி சரிந்து விழுந்தன.

"கல்லு பாத்தியாமே. இன்னா சொல்லிச்சி?" என்றார் என்னைப் பார்க்காமல்.

"எண்ணூர்லதான் பொறந்துது பெரியவரே."

"மத்த பொட்டி மீனும் அப்டித்தானாமே?"

"ஆமா. அதெல்லாம் பெருசானதும் கடலுக்குப் போயிடுச்சு."

"இது?"

"இது போகல. கடைசி வரைக்கும் ஆத்துலயே இருந்துது."

"எண்ணெ வந்தப்போகூடவா?"

"அப்பவும்."

குழிக்குள் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது.

"என்னிய மாரியே கேணை" என்றார்.

ஜேசிபிக்காரரைக் கையைக் காட்டி நிறுத்தினார். குனிந்து, முதல் மண்ணை அவரே இரண்டு கையாலும் அள்ளிப் போட்டார்.